ஹாரிஸ்மித்திலிருந்து வந்த அழைப்பு

2025 மே மாதம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மொபெனி ஹைட்ஸ் மயானத்தில் என் அப்பாவின் உடலுக்கு முன் பேசிய மூன்று பேரும், தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதைப் போல, அவரை 'நல்ல குடும்பஸ்தர்' என்றே குறிப்பிட்டார்கள். முன்வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு இரண்டு முறை ஜோகன்னஸ்பர்க் போய்த் திரும்புகிற லாரி ஓட்டுநர் வீட்டில் படுப்பது அதிகம் போனால் மூன்று இரவுகள். என் குழந்தைப் பருவத்தின் பாதிக்கும் மேற்பட்ட இரவுகளில் அப்பா வீட்டில் இல்லை. அப்படியிருந்தும் அந்த மூவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அது எப்படிப் பொய்யில்லாமல் போயிற்று என்பதை எழுதிப் பார்க்கவே பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா 1948-இல் டர்பனின் கிளேர்வுட் பகுதியில் பிறந்தார். அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் கிளேர்வுட்டின் ஈர நிலத்தில் கீரையும் கத்திரிக்காயும் பயிரிட்டுப் பிழைத்த பல தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. மரப்பலகையும் தகரமும் கொண்டு கட்டிய வீடு, பின்புறம் ஒரு முருங்கை மரம், நடந்துபோகிற தூரத்தில் சுப்பிரமணியர் கோயில். அந்தப் பகுதி முழுவதையும் தொழிற்சாலைகளுக்கென்று நகர நிர்வாகம் ஒதுக்கியது. எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டமும் தன் பங்குக்கு நெருக்கியது. அறுபதுகளின் நடுவில் எங்கள் குடும்பம், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தின் பேவியூவில் ஒட்டுச் சுவர் வீடு ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. தைப்பூசத்துக்கு என்ன சரக்கு காத்திருந்தாலும் அப்பா லாரி எடுக்கமாட்டார். காவடி அங்கேதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வீடுகள் காலியான கிளேர்வுட்டில் பின்னாளில் லாரி நிறுத்தும் கொட்டடிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. தொண்ணூறுகளில் அப்பா வேலை பார்த்த நிறுவனத்தின் கொட்டடி அவர் பிறந்த தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி அமைந்தது. துரத்தப்பட்ட ஊருக்கு அவர் ஒவ்வொரு வாரமும் சம்பளத்துக்காகப் போய்வந்தார். பழைய வீடு இருந்த மனையில் ஒரு கிடங்கு எழும்பியிருந்தது. ஆனால் வேலியோரத்தில் அந்த முருங்கை மரத்தை ஏனோ யாரும் வெட்டவில்லை. காவலாளியிடம் ஜூலு மொழியில் நலம் விசாரித்துவிட்டு, ஒரு கட்டுக் காயைப் பறித்துச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வருவார். "நம்ம வீட்டுக் காய்" என்று சொல்லி அம்மாவிடம் கொடுப்பார். அதைத் தவிர கிளேர்வுட்டைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. அவருக்குப் பதிலாக நான் புலம்பியிருக்கிறேன். அதை அவர் ரசிக்கவில்லை.

பதினாறு வயதில் அவர் காய்கறி லாரி ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். விடியற்காலை வார்விக் சந்தையில் மூட்டை இறக்குவதில் தொடங்கி, 1969-இல் கனரக உரிமம் வாங்கும்வரை, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கியர் மாற்றும் ஓசையைக் கேட்டே வண்டியைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அந்தக் காலத்தில் தொலைதூரச் சரக்கை இழுப்பது இன்றுபோல் எளிதில்லை. ரயில்வேயின் வருமானம் குறையக் கூடாது என்பதற்காக, தனியார் லாரிகள் நெடுந்தூரம் போவதற்கு அரசு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. எந்தச் சரக்கு, எந்த வழி என்பதுவரை சீட்டில் எழுதியிருக்கும். இந்த லாரிச் சீட்டோடு, இந்தியர்கள் மாகாணம் விட்டு மாகாணம் போவதற்கென்று தனியாக ஓர் அனுமதியும் 1975 வரை இருந்தது. வண்டிக்கு ஒரு சீட்டு, வண்டி ஓட்டுகிற மனிதனுக்கு ஒரு சீட்டு.

இரண்டையும் கையில் வைத்திருந்தாலும் ஒன்றுக்கு வழியில்லை: வழியிலிருக்கும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இரவு தங்குவது. அது தனிக் குடியரசாக இருந்த காலத்தில், 1891-இல் இயற்றிய சட்டம் ஆசியர்கள் அங்கே குடியிருக்கவும் வணிகம் செய்யவும் பயிரிடவும் தடை விதித்தது. குடியரசு போய், பிரிட்டிஷ் ஆட்சி போய், ஒன்றியமும் போய், மறுபடியும் குடியரசு வந்த பின்னரும் அந்தத் தடை மட்டும் போகவில்லை. டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 570 கிலோமீட்டர். அதில் வேன் ரீனன் கணவாயின் உச்சியிலிருந்து வில்லியர்ஸ் ஊரையொட்டி வால் ஆற்றைக் கடக்கும்வரை, இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு, முழுவதும் ஃப்ரீ ஸ்டேட் மண். கடந்து போகலாம், கண்ணயரக் கூடாது. காரில் பயணம் செய்த எங்கள் உறவினர்கள் பலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று நியூகாசில், ஃபோல்க்ஸ்ரஸ்ட் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். லாரிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. சீட்டில் எழுதிய வழிதான் வழி.

இதன் பொருளை ஓட்டுநரின் உடம்பு மட்டுமே முழுதாக அறியும். கடல் மட்டத்தில் சரக்கேற்றிப் புறப்பட்ட வண்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றத்தில் மாட்டு வண்டியின் வேகத்தில் ஊர்ந்து, மூயி ரிவர், எஸ்ட்கோர்ட், லேடிஸ்மித் என்று மலைத்தொடரை நெருங்கி, கடைசியில் வேன் ரீனனை ஏறி முடிக்கும்போது எட்டு ஒன்பது மணி நேரம் ஓடியிருக்கும். மனிதன் களைத்துப் போவது சரியாக அந்த உச்சியில். சற்றுத் தூரம் போனால் ஃப்ரீ ஸ்டேட் ஊரான ஹாரிஸ்மித்தின் விளக்குகள் தெரியும். அவை அவருக்கானவை அல்ல. ஒரு குளிர்கால இரவில், தாங்க முடியாமல், ஓர் ஊரின் எல்லைக்கு வெளியே சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கின்மேல் தலை சாய்த்துவிட்டார். கைவிளக்கால் கண்ணாடியைத் தட்டிய காவலர், இயந்திரம் பழுதா என்று கேட்டிருக்கிறார். பழுது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். அப்பா, தூக்கம் என்று உண்மையைச் சொன்னார். அபராதத்தையும் வாங்கிக்கொண்டு, அதே தூக்கத்தோடு வால் ஆறுவரை ஓட்டினார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே ஓட்டியதாக அவர் சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். அம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அம்மாவின் இரவுகளுக்கென்று இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. டிக்கி பாக்ஸ் என்று நாங்கள் சொல்லும் பொதுத் தொலைபேசியில் எதிர்முனை எடுக்காவிட்டால் போட்ட காசு திரும்ப விழுந்துவிடும். லேடிஸ்மித்தில் நிறுத்தி, எங்கள் எண்ணைச் சுழற்றி, ஒருமுறை மணி ஒலித்ததும் வைத்துவிடுவார்: 'மலையடிவாரத்துக்கு வந்துவிட்டேன்.' அடுத்த அழைப்பு ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர்ந்ததும், இரண்டு முறை மணி. அந்த இரண்டுக்கும் இடையிலான ஐந்தாறு மணி நேரம் அம்மாவுக்கு உறக்கம் கிடையாது. அரிசியில் கல் பொறுக்குவார், பள்ளிச் சீருடைகளை இஸ்திரி போடுவார், ஒன்றுமில்லாவிட்டால் வெறுமனே உட்கார்ந்திருப்பார். விடியற்காலையில் இரண்டு முறை மணி ஒலித்து நின்றபின்தான் விளக்கு அணையும். அந்த ஒலிக்கு நானும் பழகிப் போனேன். தூக்கத்திலேயே எண்ணிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

1986-இல் அந்த ஃப்ரீ ஸ்டேட் தடை நீக்கப்பட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. செய்தித்தாளில் படித்த நினைவு எனக்கில்லை. நினைவிலிருப்பது ஒரு தொலைபேசி மணி. லேடிஸ்மித்தின் ஒற்றை மணி ஒலித்து ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடியும் ஒலிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிற்காமல் போயிற்று. நிற்காத மணிக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான் இருக்க முடியும். அம்மா எழுந்து நின்றார், எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். "அம்மாவ கூப்பிடு" என்றார் அப்பா. நான் கொடுத்தேன். ஹாரிஸ்மித்திலிருந்து பேசுகிறேன், இங்கேயே படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்பப் போகிறேன், நீயும் படு என்று அவர் சொன்னதை அம்மா பிறகு ஆயாவிடம் சொல்லக் கேட்டேன். ஃப்ரீ ஸ்டேட்டில் அப்பா தூங்கிய முதல் இரவு அது. அந்த அழைப்புக்குக் கொடுத்த காசைப் பற்றி மறுவாரம் அம்மா கடிந்துகொண்டதும் நினைவிருக்கிறது.

1988-இல் போக்குவரத்துச் சட்டம் தளர்ந்து பழைய சீட்டுமுறை விலகத் தொடங்கியதும் தொழிலே மாறிப்போயிற்று. நாடெங்கும் லாரிகள் பெருகின; இரண்டு டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் இன்டர்லிங்க் வண்டிகள் வந்தன. 22 மீட்டர் நீளம், சரக்கோடு சேர்த்து 56 டன் வரை எடை. முன்னால் இழுக்கும் பகுதியை இங்கே எல்லாரும் 'ஹார்ஸ்' என்றே சொல்வார்கள். அப்பா தமிழில் பேசும்போது கூசாமல் 'குதிரை' என்பார்; கோயிலில் யாராவது புதியவர் அதைக் கேட்டால், இவருக்குப் பந்தயப் பழக்கம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஜோகன்னஸ்பர்க்கைத் தாண்டி ஜிம்பாப்வேக்கும் போகத் தொடங்கினார். என் கடைசித் தம்பி 1989-இல் பிறந்தபோது அவர் லிம்போபோ ஆற்றங்கரையில், பெயிட்பிரிட்ஜ் எல்லைச் சாவடி வரிசையில் மூன்றாவது நாளாக நின்றுகொண்டிருந்தார். பிள்ளை பிறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்ததே ஹராரேயில்தான். வீடு வந்தது ஆறாம் நாள். அம்மா இதை முப்பத்தைந்து ஆண்டுகள் மறக்கவில்லை. மறக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அப்பாவைப் புகழ்ந்து பேசியவர்கள் விட்டுவிட்டதில் இதுவும் ஒன்று. வீட்டிலிருக்கும் பகல்களில் அவர் தூங்கியாக வேண்டும் என்பதால் நாங்கள் கிசுகிசுத்தே வளர்ந்தோம். பாத்திரம் விழுந்தால் எழுந்து வந்து கத்துவார். நான் எந்த வகுப்பில் படிக்கிறேன் என்பதில் அவருக்கு எப்போதும் ஓர் ஆண்டு பின்தங்கல் இருந்தது. ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நான் போனேனா என்பதை மட்டும், எந்த ஊரிலிருந்து திரும்பினாலும், காலைக் கழுவுவதற்கு முன்பே கேட்பார். பின்னர் டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழை நான் பாடமாக எடுத்தபோது, வேலை கிடைக்குமா என்று கேட்காத ஒரே உறவினர் அவர்தான். அவருக்குத் தமிழ் எழுத வராது. நான் எழுதுவதை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். லாரிகள் நிற்கும் இடங்களில் கிடைப்பது வறுத்த இறைச்சியும் சோள மாவுக் களியும். மற்ற மாதங்களில் அவற்றையும் டின் மீன் குழம்பையும் மகிழ்ச்சியாகவே சாப்பிடுவார். புரட்டாசி பிறந்துவிட்டால் ஒரு மாதம் அசைவம் தொடமாட்டார். அம்மா பீன்ஸ் குழம்பும் ரொட்டியும் கட்டிக் கொடுப்பார். அது இரண்டு நாளுக்குத்தான் தாங்கும். அதன்பிறகு வண்டியிலிருக்கும் சின்ன எரிவாயு அடுப்பில் அவரே பருப்பை வேகவைத்துக்கொள்வார். நான்குவழிச் சாலையோரத்தில் கடுகு தாளிக்கும் வாசனைக்கு வேறு ஓட்டுநர்கள் வந்து சேர்வதும், கடைசியில் அவருக்கே போதாமல் போவதும் வழக்கம்.

தொழிலைப் பற்றி அவர் எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று; எங்களில் ஒருவர்கூட லாரி ஓட்டவில்லை என்றாலும் எல்லாருக்கும் அது மனப்பாடம். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போது அதைவிடக் கூடிய கியரில் இறங்காதே. பிரேக்கை நம்பி இறங்குகிறவனுக்கு மலையின் பாதியில் பிரேக் இருக்காது. சக்கரத்துக்குள் டிரம் சூடேறிச் சூடேறி, மிதித்தால் பிடிக்காத நிலைக்குப் போய்விடும். வண்டியைத் தாங்க வேண்டியது இயந்திரம், பிரேக் கடைசி நேரத்துக்கு. 2013 செப்டம்பரில் பைன்டவுனின் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று மினிபஸ் டாக்ஸிகளின்மேல் மோதி 24 பேர் இறந்தார்கள். அப்போது அப்பா ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததைத் தம்பி எனக்குக் காட்டினான். ஓட்டுநருக்கு வயது 23 என்று செய்தி சொன்னது. "யாரு அவனுக்குக் கத்துக் கொடுத்தா?" என்று மட்டும் கேட்டார், அன்று வேறெதுவும் பேசவில்லை.

ஓய்வை அவராகத் தேடிக்கொள்ளவில்லை. இங்கே சரக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு தொழில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். நம் ஆட்களின் பரம்பரைச் சொத்தான சர்க்கரை நோய் அவர் கண்ணைத் தொட்டிருந்தது. 2010-இல் மருத்துவர் கையெழுத்துப் போட மறுத்தார். அப்பாவுக்கு 62 வயது. சாவியைக் கொட்டடியில் கொடுத்துவிட்டு, ஒரு கட்டு முருங்கைக்காயோடு பேருந்தில் வந்திறங்கினார். என் மகன் ஒருமுறை காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, தாத்தா ஓட்டிய தூரம் முப்பது லட்சம் கிலோமீட்டருக்குக் குறையாது என்று கண்டுபிடித்துச் சொன்னான். தாத்தா வியக்கவில்லை. பாதிக் கணக்கை அடித்துவிடச் சொன்னார். பாதி தூரம் வீட்டுக்கு வந்த தூரம், அதை வேலையில் சேர்க்கக் கூடாது என்பது அவர் வாதம்.

முன்னாள் அதிபர் ஜூமா சிறைக்குப் போனதையொட்டி வெடித்த 2021 ஜூலைக் கலவரத்தின்போது மூயி ரிவர் சுங்கச்சாவடியருகே லாரிகள் எரிந்துகொண்டிருந்த இரவில், அவர் பழக்கிவிட்ட ஓட்டுநர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து, எங்கே நிற்கிறாய், வண்டியை விடு, நீ நட என்று ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டேயிருந்தார். எங்கள் தெருவிலும் ஆண்கள் தடுப்பு வைத்துக் காவலிருந்த நாட்கள் அவை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறு பதிவாகிவிடும்.

2024 செப்டம்பர் 21, புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் எங்கள் வீட்டிலிருந்து முந்தைய மாலை காரில் புறப்பட்ட என் மகன், தாத்தா வீட்டுப் படையலுக்குப் போய்ச் சேரவில்லை. ஹாரிஸ்மித்துக்கு வடக்கே பனி கொட்டி, என்-3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, நூற்றுக்கணக்கான வண்டிகளோடு அவனும் இரவு முழுவதும் சிக்கிக்கொண்டான். நான் ஜோகன்னஸ்பர்க்கில் தவித்துக்கொண்டிருக்க, அப்பா டர்பனிலிருந்து அவனை அழைத்தார். இயந்திரத்தை விடாமல் ஓடவிடாதே, ஒரு மணிக்குப் பத்து நிமிடம் போதும். புகைபோக்கியைப் பனி அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வை. பிறகு, பக்கத்தில் நிற்கிற பெரிய லாரியின் கதவைப் போய்த் தட்டு, அவனிடம் அடுப்பு இருக்கும் என்றார். பையன் கூச்சப்பட்டிருக்கிறான். தட்டுடா, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று மறுபடியும் சொன்னாராம். தட்டினான். உள்ளேயிருந்த ஓட்டுநர் அவனை ஏற்றிக்கொண்டு, தேநீர் கொடுத்து, மேல் படுக்கையில் படுக்கவும் விட்டார். பாதை திறந்து கணவாயைத் தாண்டியதும் அவன் தாத்தாவுக்குத்தான் முதலில் சொன்னான்.

எட்டு மாதம் கழித்து அப்பா போனார். மயானத்துக்கு அவரிடம் தொழில் கற்ற ஒருவர் தன் குதிரையை, டிரெய்லர் இல்லாமல், ஓட்டி வந்திருந்தார். அப்பாவை அவர், ஜூலுவில் அப்பா என்று பொருள்படும் 'பாபா' என்றே அழைப்பார். உடலை உள்ளே எடுத்துச் செல்லும்போது நீளமாக ஒருமுறை ஹார்ன் அடிக்கலாமா என்று தயங்கித் தயங்கி அனுமதி கேட்டார். அம்மா வேண்டாமென்றார். காரணமில்லாமல் ஹார்ன் அடிப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. அந்த மனிதர் தலையசைத்து, அதைத் தாமே நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதைப் போல, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் நான் லெனேசியாவுக்குக் காரில் திரும்பினேன். வேன் ரீனனில் மூடுபனி. என் முன்னே போன இன்டர்லிங்க் ஒன்றின் பின்விளக்குகளைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். ஹாரிஸ்மித்தில் லாரிகள் வரிசையாக நிற்குமிடத்தில் நிறுத்தி, அம்மாவின் எண்ணை அழுத்தினேன். இரண்டு மணி ஒலித்ததும் வைத்துவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.